முத்தியால்பேட்டையில் ஒரு ஸ்பானியக் கிதார்!

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் கும்பகோணம் தெருப் பெண்கள் ஆளுக்கு ஒன்று சொல்லி அனுப்பினார்கள். "மணக்குள விநாயகரை மறந்துடாதீங்க." "ஆசிரமத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க." "கடற்கரைச் சாலையிலே சாயங்காலம் ஆனா வண்டியே விடமாட்டாங்களாம், நிம்மதியா நடக்கலாம்." எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பிரசவ மருந்துச் சாமான், பழைய பருத்திப் புடைவைகள், முறுக்கு டின் சகிதம் பஸ் ஏறினேன். நான் போனது ஊர் சுற்ற அல்ல, பெண்ணின் தலைப்பிரசவத்துக்கு! டாக்டரம்மா நீண்ட பயணம் கூடாது என்று சொல்லிவிட்டதால், பெண் தாய் வீட்டுக்கு வருவதற்குப் பதில் தாய் பெண் வீட்டுக்குப் போகும்படி ஆயிற்று.

மூன்று மாதம் இருந்தேன். பிள்ளையாரையும் பார்த்தேன், ஆசிரமத்துக்கும் போனேன். ஆனால் இன்று புதுவை என்று யாராவது சொன்னால் என் காதில் முதலில் விழுவது கோயில் மணியும் அல்ல, அலையோசையும் அல்ல. ஒரு கிதார்!

இரண்டு அழுகைகள்

பேரன் பிறந்து மூன்றாவது வாரம். பகலெல்லாம் சமர்த்தாகத் தூங்குவான். ராத்திரி பதினோரு மணிக்குக் கச்சேரி ஆரம்பம். அது எந்த வீட்டில்தான் இல்லை? எனக்குக் கவலை தந்தது அவன் அழுகை அல்ல, என் மகளின் அழுகை. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதே கண்ணில் நீர் வழியும். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்கமாட்டாள்.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு, "இனிமே எனக்குன்னு எதுவுமே கிடையாதாம்மா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வியை நானும் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறேன். வாய்விட்டு அல்ல, மனசுக்குள். பதினோரு வருஷம் வீணை கற்றவள் நான். இவள் பிறந்த வருஷம், "குழந்தை தூங்கறப்போ என்ன டொய்ங் டொய்ங்னு?" என்றார் மாமியார். அவர் சொன்னதில் தப்பில்லை, குழந்தை தூங்கத்தானே வேண்டும்? வீணைக்கு உறை போட்டு மூலையில் நிறுத்தினேன். குழந்தை வளர்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள், கல்யாணமாகிப் போனாள். உறையை மட்டும் யாரும் எடுக்கவில்லை, நான் உட்பட!

அந்த ராத்திரி அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

வாய்க்காலுக்கு இப்பால், அப்பால்

சாயங்காலம் மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும், "நீங்க ஒரு மணி நேரம் காத்தாட நடந்துட்டு வாங்க அத்தை" என்பார். முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைச் சாலைக்கு எனக்கு அரைமணி நடை. தமிழர் பகுதியில் தூண் வைத்த திண்ணை வீடுகள். நடுவிலே ஒரு பெரிய வாய்க்கால். அதைத் தாண்டினால் மஞ்சள் சுவரும் வளைவு வாசலுமாகப் பிரெஞ்சுக்காரர் கட்டிய வீதிகள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான். அப்போது விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களைப் புதுவையில் 'சொல்தா' என்பார்கள். கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே, முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளில் வயதான சொல்தாக்கள் மார்பில் பதக்கம் குத்திக்கொண்டு அங்கே வந்து நிற்பதுண்டு.

என் மகளின் பக்கத்து வீடும் ஒரு சொல்தா வீடுதான். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. எண்பதை நெருங்கும் அவர் மனைவி மட்டும் இருந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் கிண்ணத்தில் மிளகு ரசம் கொண்டுவந்து கொடுத்தவர், "ராத்திரி புள்ள அழுவறது கேக்குது. நீங்க கண்ணே மூடறதில்ல போலிருக்கே" என்றார்.

"உங்க தூக்கத்தையும் கெடுக்கறோம் அக்கா, மன்னிச்சுக்கோங்க."

"எனக்கு ஏது தூக்கம்? அவரு ரிக்கார்ட வெச்சுட்டு உக்காந்திருப்பேன். வந்து பாருங்களேன்!"

வெள்ளிக் கைகள்

கூடத்து மூலையில் பழைய ரேடியோகிராம். கீழ்த்தட்டில் இசைத்தட்டுகள். அக்கா எடுத்த தட்டின் அட்டையில், மீசை வைத்த ஒருவர் கிதாரைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டிருந்தார். முள்ளை வைத்ததும் முதலில் கரகரப்பு. அப்புறம்... எப்படிச் சொல்வேன்? கொட்டும் மழையில் ஓட்டுக் கூரையின் கீழே நின்றதுபோல இருந்தது! ஐந்து விரல்களையும் விசிறிபோல் விரித்து விரித்து நரம்பில் வாரி அடிக்கிறார். நடுநடுவே பலகையில் டக்டக்கென்று தட்டுகிறார். இரண்டு பேர் வாசிக்கிறார்களோ என்று நினைத்தேன். ஒரே ஆளாம்!

"இவரு பேரு மனிதாஸ் தெ பிளாத்தா. வெள்ளிக் கைங்கன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரருக்கு உசுரு" என்றார் அக்கா.

சொந்தப் பெயர் ரிக்கார்தோ பலியார்தோ. தென் பிரான்ஸில் ஸெத் என்ற துறைமுக ஊரில், 1921-இல் ஒரு ஜிப்ஸிக் கூண்டு வண்டிக்குள் பிறந்தவர். ஸ்வரம் எழுதவோ படிக்கவோ தெரியாது, எல்லாம் காதுப் பாடம். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற பெரிய ஜிப்ஸி கிதார் கலைஞர் 1953-இல் காலமாகி, மேலும் பத்து வருஷம் போகும்வரை மரியாதை காரணமாக இவர் பொதுமேடை ஏறவில்லை என்று சொல்வார்கள். 1963-இல் அமெரிக்காவின் கனாய்சர் சொசைட்டி என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஆர்ல் நகரத்துக்கு வந்து, ஒரு சிறு தேவாலயத்தில் வைத்து இவர் வாசிப்பைப் பதிவு செய்தது. நம் சரோத் மேதை அலி அக்பர் கானின் இசைத்தட்டுகளை வெளியிட்டதும் இதே கம்பெனிதான்! 1965-இல் நியூயார்க் கார்னகி ஹாலில் இவர் கச்சேரி. ஒரே வீச்சில் உலகப் புகழ்.

ஆனால் விஷயம் தெரிந்தவர்கள், "கை வேகம் சரி, தாளம் நிற்கவில்லையே!" என்று குறை சொன்னார்களாம். அதைக் கேட்டதும், எங்கள் ஊர் சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடும் மாமாக்கள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். சம்பாதித்ததெல்லாம் பெரிய குடும்பத்துக்கும் தாராளக் கைக்கும் போய்விட்டது. அதிக வசதியில்லாமலே 2014 நவம்பரில், 93 வயதில் காலமானார். உறவுப் பிள்ளைகள் அமைத்த 'ஜிப்ஸி கிங்ஸ்' குழுவின் 1987 இசைத்தட்டில் வந்த 'பம்போலேயோ' பாட்டை எங்காவது நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

நம்ம மாசி மகம் மாதிரியே!

அக்கா கணவருடன் சில வருஷம் தென் பிரான்ஸில் குடியிருந்தவர். அங்கே கடலோரத்தில் செந்த் மரி தெ ல மேர் என்று ஓர் ஊர். ஒவ்வொரு மே மாதம் 24-ஆம் தேதியும் ஜிப்ஸிகள் வண்டி வண்டியாக வந்து கூடி, சாரா என்ற கறுப்புப் புனிதையின் சிலையைத் தோளில் சுமந்து கடலுக்குள் இறங்குவார்கள்.

"நம்ம வைத்திக்குப்பத்துல மாசி மகத்துக்கு சாமிங்க கடலுக்கு வருமே, அதே மாதிரி! நா கூட்டத்துல நின்னு அழுதுட்டேன். அந்தப் பொம்பளைங்க மூஞ்சியும் நம்ம மூஞ்சியாட்டமே இருந்துச்சு."

அக்காவின் கண் ஏமாறவில்லை. ஜிப்ஸி என்று மற்றவர் அழைக்கும் ரோமா மக்களின் மூதாதையர் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது மொழி ஆராய்ச்சியிலும் மரபணு ஆராய்ச்சியிலும் தெரிந்த விஷயம். அவர்கள் மொழியில் தண்ணீர் 'பானி', மூக்கு 'நாக்', 'காளி' என்றால் கறுப்பி. 1425-இல் அவர்கள் ஸ்பெயினில் இருந்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. அங்கே தெற்கே ஆந்தலூசியாவில், அவர்களும் அரபு மரபினரும் உள்ளூர்க்காரர்களும் கலந்து வாழ்ந்த இடத்தில் பிறந்ததுதான் ஃபிளமெங்கோ. பாட்டு, ஆட்டம், கிதார், கைதட்டு நான்கும் சேர்ந்தது. 2010-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் கலையாக அறிவித்தது.

"அப்படியானால் எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்" என்று பெருமை அடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அது நியாயமில்லை. நடந்து போனவர்கள் வழிநெடுகக் கேட்டதையெல்லாம் சேர்த்துச் சமைத்த பண்டம் அது. அரிசி நம்முடையதாக இருக்கலாம், குழம்பு அவர்களுடையது!

இருந்தாலும் என் காது சும்மா இருக்கவில்லை. தட்டு சுழலச் சுழல, "இது தோடி ஸ்வரமாச்சே!" என்றது. உண்மைதான். ஃபிளமெங்கோ அதிகம் புழங்கும் ஸ்வர வரிசை நம் தோடியின் அதே ஏழு ஸ்தானங்கள். காந்தாரத்தை மட்டும் உயர்த்தினால் வகுளாபரணம், அதையும் கலந்துதான் வாசிக்கிறார்கள். நம் தோடிக்கு உயிரான கமகம் கிடையாது, ஸ்தானம் மட்டும் ஒன்று.

தாளத்தை அக்கா கற்றுத் தந்தார். பன்னிரண்டு எண்ணிக்கை. மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டில் அழுத்தம். "ஒண்ணு ரெண்டு மூணு, நாலு அஞ்சு ஆறு, ஏழு எட்டு, ஒம்பது பத்து, பதினொண்ணு பன்னெண்டு!" சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டே தட்டிப் பாருங்கள். முதல் நாள் தடுமாறும், மூன்றாம் நாள் கரண்டியே தானாகப் போடும்!

லூசியா பெற்ற பிள்ளை

அதன் பிறகு பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, ராத்திரிகளில் மகளின் செல்போனில் ஒவ்வொரு தட்டாகத் தேடிக் கேட்டேன். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பக்கவாத்தியமாக இருந்த கிதாரைத் தனி வாத்தியமாக உட்கார்த்தி வைத்தவர்களில் முக்கியமானவர் ரமோன் மொந்தோயா. அவர் புகழ்பெற்ற தனிவாசிப்பு 1936-இல் பதிவானது பாரிஸில். ஸ்பானியக் கலையைப் பத்திரப்படுத்தியதில் பிரான்ஸுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கிதாரின் உடம்பு பெரும்பாலும் சைப்ரஸ் மரம். மெல்லியது, எடை குறைவு, ஓசை சுரீரென்று வெளியே வந்து சட்டென்று அடங்கும். தட்டித் தட்டிப் பலகை தேயாமலிருக்க மேலே ஒரு தகடு ஒட்டியிருப்பார்கள். வலக்கை நகம்தான் மூலதனம். உடையாமலிருக்க நகத்தில் பசை தடவிக் கெட்டிப்படுத்துகிறவர்களும் உண்டு. பாத்திரம் தேய்க்கும் நமக்கு ஏது நகம்!

மனசைப் பிடித்தவர் பாக்கோ தெ லூசியா. 1947-இல் அல்ஹெசிராஸ் என்ற துறைமுகத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கண்டிப்பானவர், சிறு வயதிலேயே மணிக்கணக்கில் சாதகம் செய்யவைத்தார். ஆனால் பிள்ளை சூட்டிக்கொண்டது அம்மாவின் பெயரை! தெருவில் பாக்கோ என்ற பெயரில் நிறையப் பையன்கள். அடையாளத்துக்காக 'லூசியாவோட பாக்கோ' என்பார்களாம். நம் தெருவில் 'கமலா பிள்ளை' என்பதில்லையா, அதுபோல! அம்மா போர்ச்சுகல் நாட்டுக்காரி, வீட்டோடு இருந்தவள். அவள் பெயரை உலக மேடைகளெல்லாம் உச்சரித்தன.

1973-இல் வந்த 'ஃபுவெந்தே இ கௌதால்' இசைத்தட்டில், 'இரண்டு நீர்களுக்கு நடுவே' என்று பொருள்படும் ஒரு துள்ளல் உருப்படி. அவர் ஊர் இரு கடல்கள் சேரும் இடம், நம் கன்னியாகுமரிபோல. அந்த உருப்படி ஸ்பெயினையே ஆட்டிவைத்தது. காமரோன் என்ற மகத்தான பாடகருக்கு வாசித்துப் பல தட்டுகள். 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று கிதார் கலைஞர்கள் சேர்ந்து செய்த கச்சேரி 1981-இல் இசைத்தட்டாக வந்தது. அதில் இவரோடு வாசித்த ஜான் மெக்லாலின் யார் தெரியுமா? நம் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர்! நம் வயலின் சங்கரும் கடம் விநாயக்ராமும் இருந்த 'சக்தி' குழுவின் கிதார்க்காரர்.

1998-இல் பாக்கோ ஒரு தட்டுக்கு அம்மாவின் பெயரையே வைத்தார்: 'லூசியா'. அம்மா மறைந்து அதிக நாள் ஆகவில்லை. அவரும் 2014 பிப்ரவரியில், 66 வயதில் மெக்சிகோவில் மாரடைப்பால் போய்விட்டார்.

"பொம்பளைங்க இந்தக் கிதார வாசிக்க மாட்டாங்களா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஆடுவாங்க, பாடுவாங்க. கிதார் ஆம்பளைங்க கையிலதான்" என்றார்.

தேடிப் பார்த்தேன். முற்றிலும் அப்படியில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே லா செர்னெத்தா என்ற பாடகி மாட்ரிட் நகரில் கிதார் சொல்லிக்கொடுத்துப் பிழைத்திருக்கிறார். நம் காலத்தில் அந்தோனியா ஹிமேனேஸ் மேடையில் வாசிக்கிறார். குறைவுதான், ஆனால் இருக்கிறார்கள். அனுஷ்கா சங்கர் சிதாரையும் ஃபிளமெங்கோவையும் இணைத்து 'டிராவலர்' வெளியிட்ட 2011-ஆம் ஆண்டில்தான் அவருக்குத் தலைக்குழந்தையும் பிறந்தது. கர்நாடக சங்கீதம் கற்ற தமிழ்ப் பெண் சுகன்யாவின் மகளல்லவா! இதை மகளிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, கேட்டுக்கொண்டாள்.

தாலாட்டு

பாட்டு கேட்டு என் மகள் குணமானாள் என்று எழுத மாட்டேன். அது பொய். பிரசவத்துக்குப் பின் சில நாள் மனம் கலங்குவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நோய், 'பால் கொடுக்கிறவள் சும்மா அழறா' என்று விட்டுவிடக் கூடாது. அக்காதான் முதலில் சொன்னார்: "எனக்கு மூணாவது பொறந்தப்போ இப்படித்தான் இருந்துச்சு. அவரு கடல் கடந்து கெடந்தாரு. கேக்க ஆளில்ல. நீங்க நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க." போனோம். டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார், மருந்து கொடுத்தார். முக்கியமாக, ராத்திரி ஒரு நீண்ட தூக்கம் அவளுக்குக் கிடைக்கும்படி வீட்டார் முறை போட்டுக்கொள்ளச் சொன்னார். பின்னிரவு முறை எனக்கு. மாப்பிள்ளைக்கு முன்னிரவு.

அந்தப் பின்னிரவுகளில்தான் தெரிந்துகொண்டேன், ஃபிளமெங்கோவில் தாலாட்டும் ஒரு வகை என்று. 'நானா' என்று பெயர். அதற்குக் கிதாரும் வேண்டாம், கைதட்டும் வேண்டாம், குரல் மட்டும் போதும். எனக்குத் தெரிந்த தாலாட்டை நானும் தோடியில் முணுமுணுத்துப் பார்த்தேன். பேரன் தூங்கிவிட்டான். நான்தான் விழித்துக்கொண்டிருந்தேன்!

ஜூன் 21

பிரான்ஸில் 1982-இல் தொடங்கிய வழக்கம் ஒன்று உண்டு. ஜூன் 21 அன்று யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று இலவசமாகப் பாடலாம், வாசிக்கலாம். புதுவையிலும் அல்லியான்ஸ் பிரான்சேஸ் அமைப்பினர் அதைக் கொண்டாடுகிறார்கள். அன்று சாயங்காலம், "நானும் வரேம்மா" என்றாள் மகள். பிரசவத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி தவிர முதல்முறையாக வெளியே! தலையில் துண்டைக் கட்டி, குழந்தையைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினோம். பக்கத்தில் அக்கா, காலையிலேயே வாங்கிய மல்லிகைப் பூவோடு.

ஒரு மூலையில் ஓர் இளைஞன் ஸ்டூலில் உட்கார்ந்து கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். விரல்கள் விசிறியாக விரிந்தன, பலகையில் டக்டக். எங்களுக்குத் தெரிந்துபோயிற்று! அக்கா மெதுவாகக் கை தட்ட ஆரம்பித்தார். மூணு... ஆறு... எட்டு... பத்து... பன்னெண்டு. பையன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். நானும் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் என் மகளின் விரல்கள் குழந்தையின் முதுகில் அதே கணக்கில் தட்டுவதைப் பார்த்தேன். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

பெட்டி கட்டும் நாளில் சொன்னாள்: "அம்மா, நீ ஊருக்குப் போனதும் வீணைக்கு நரம்பு மாத்து. அதை நீ செஞ்சாத்தான் நான் நம்புவேன்."

அந்த ராத்திரி இரண்டு மணிக்கு அவள் கேட்டதற்கு, நான் தரவேண்டிய பதில் அதுதான் என்று எனக்கும் புரிந்தது.

மாற்றிவிட்டேன். மேளம் தளர்ந்திருந்த ஓரிரு மெட்டுகளை மட்டும் ஆசாரி சரிசெய்து கொடுத்தார். இடக்கை விரல் நுனிகளில் முன்பிருந்த காய்ப்பு எப்போதோ மறைந்துவிட்டது, முதல் வாரம் எரிச்சல் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் செல்போனில் கூப்பிடுவாள். பேரனை மடியில் வைத்துக்கொண்டு, "பாட்டி, வாசி" என்பாள். தோடி தப்பும் தவறுமாகத்தான் வருகிறது. அவன் பொருட்படுத்துவதில்லை.

கேட்டுப் பாருங்கள்: புதிதாகக் கேட்பவர்களுக்கு பாக்கோவின் 'ஃபுவெந்தே இ கௌதால்' நல்ல ஆரம்பம். வேகம் பிடிக்குமென்றால் மனிதாஸ் தெ பிளாத்தா. பழமை வேண்டுமென்றால் மொந்தோயா. நம் காதுக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் 'டிராவலர்'. எல்லாம் செல்போனிலேயே கிடைக்கும். குழந்தை தூங்கும் நேரமாக இருந்தால் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். ஆனால் கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்!